சூடு கண்ட பூனைகள்: பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் குழுவின் கதை

அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்தது கன்ட்ரி இசை. பிரிட்டனிலிருந்து கன்ட்ரி இசைக்குழு எதுவும் பெரிதாக எழவில்லையே, எழுந்த ஒன்றிரண்டும் ஏன் நிலைக்கவில்லை என்பது கேள்வி.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அண்மைக் காலத்தில் சிலர் எழுந்திருக்கிறார்கள். 2015இல் ‘தி ஷயர்ஸ்’ என்ற ஜோடியின் முதல் ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. உள்ளூர் கன்ட்ரி இசைக்கு அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு ‘வார்ட் தாமஸ்’ என்ற இரட்டைச் சகோதரிகள் முதலிடத்தையே பிடித்தார்கள். அவர்கள் கதை இன்னும் முடியவில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். எழுச்சி, வீழ்ச்சி இரண்டையும் முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் 1969 முதல் 1975 வரை இயங்கிய ‘பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ்’ குழுவைத்தான் பார்க்க வேண்டும். சுத்தமான கன்ட்ரி என்று சொன்னால், அந்த இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். கன்ட்ரி ராக் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் குழுவைப் பற்றி இசைப் பிரியர்கள் வழக்கமாகச் சொல்வது ஒரே கதைதான்: அளவுக்கு மீறிய பில்டப் கொடுத்தார்கள், அதிலேயே கவிழ்ந்தார்கள். அது பாதிக் கதை என்பது என் எண்ணம். அந்தப் பில்டப் நடந்த பிறகு அவர்கள் ஐந்து வருடம் உயிரோடு இருந்தார்கள், நல்ல பாட்டுகள் போட்டார்கள். அவர்களை மெதுவாகச் சாகடித்தது பில்டப் அல்ல, அந்த அவமானத்துக்கு அவர்கள் செய்துகொண்டே இருந்த பிராயச்சித்தம். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன், பிரிட்டனில் கன்ட்ரி இசை எந்த நிலையில் இருந்தது என்று தெரிய வேண்டும். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்கள் ஜிம் ரீவ்ஸை மறந்திருக்க மாட்டார்கள். அதே ஜிம் ரீவ்ஸ் பிரிட்டனிலும் செல்லப்பிள்ளை. 1964இல் விமான விபத்தில் இறந்தவரின் ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ 1966இல் அங்கே ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. 1969இலிருந்து வெம்பிளியில் வருடாவருடம் பெரிய கன்ட்ரி விழா நடந்தது. லிவர்பூல் துறைமுகத்தில் கப்பல் வேலைக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து கொண்டே இருந்ததால் அந்த ஊரில் பீட்டில்ஸ் காலத்திலேயே கன்ட்ரி குழுக்கள் நிறைய. அவற்றில் ‘ஹில்சைடர்ஸ்’ குழு அமெரிக்கப் பாடகர் பாபி பேருடன் சேர்ந்து ஓர் ஆல்பமே பதிவு செய்தது.

ஆக, கேட்க ஆள் இருந்தார்கள். மரியாதைதான் இல்லை. கன்ட்ரி என்றால் அசல் அமெரிக்கர் பாட வேண்டும். உள்ளூர்க்காரன் பாடினால் அது தொழிலாளர் கிளப்பில் சனிக்கிழமை ராத்திரி கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு செய்யும் மாறுவேடம். லண்டன் இசைப் பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. 1968 வாக்கில்தான் காற்று மாறியது. ‘தி பேர்ட்ஸ்’ கன்ட்ரி பக்கம் சாய்ந்தார்கள். ‘தி பேண்ட்’ என்று எளிமையாகப் பெயர் வைத்துக்கொண்ட குழு, தாடியும் பழைய கோட்டுமாக, கிராமத்துப் பாட்டும் ராக்கும் கலந்த ஓர் ஒலியைக் கொண்டுவந்தது. நீண்ட முடி வைத்த லண்டன் இளைஞனும் வெட்கப்படாமல் கன்ட்ரி வாசிக்கலாம் என்ற நிலை வந்தது.

சரி, நம் ஆட்களுக்கு வருவோம். பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் என்பது ஓர் ஆளின் பெயர், குழுவின் கிடார்காரர். அவரும் நிக் லோவும் சஃபோக் மாவட்டத்தில் ஒரே உறைவிடப் பள்ளியில் படித்தவர்கள். ஷ்வார்ட்ஸ், கென்ட் பக்கம் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ‘கிப்பிங்டன் லாட்ஜ்’ என்ற பாப் குழு வைத்திருந்தார். 1967இல் பார்லஃபோன் கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது. பீட்டில்ஸ் இருந்த அதே லேபிள். ஐந்து சிங்கிள்கள், அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டுகள், வந்தன, ஐந்தும் ஓடவில்லை. பிற்பாடு பேஸ் கிடாருக்கும் பாடுவதற்கும் நிக் லோ வந்து சேர்ந்தார். கீபோர்டுக்கு பாப் ஆண்ட்ரூஸ், டிரம்ஸுக்கு பில்லி ரேங்கின். 1969இல் பழைய பெயரைக் கழற்றிவிட்டு, கிடார்காரர் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். பெரும்பாலான பாட்டுகளை எழுதிப் பாடியது லோ, பெயர் மட்டும் ஷ்வார்ட்ஸுடையது. கேட்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கடைசிவரை தீரவில்லை.

அந்த வருடக் கடைசியில் ‘மெலடி மேக்கர்’ பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: புதிய மேனேஜ்மென்ட் நிறுவனம், சொந்தமாகப் பாட்டு எழுதுகிற, சொந்தக் கருவிகள் வைத்திருக்கிற இளம் குழுவைத் தேடுகிறது. ஏகப்பட்ட குழுக்கள் மனு போட்டன, இவர்கள் தேர்வானார்கள். நிறுவனத்தின் பெயர் ‘ஃபேம்புஷர்ஸ்’. தமிழில் சொன்னால் புகழ்தள்ளிகள். இப்படிப் பெயர் வைத்தவனிடம் போய் ஒப்பந்தம் போடுகிறோமே என்று அந்த நான்கு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை என்பதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் உள்ளே ஒரு விஷயமுள்ள ஆளும் இருந்தார். டேவ் ராபின்சன், அயர்லாந்துக்காரர், கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் சுற்றுப்பயணங்களில் வேலை பார்த்தவர். இந்தக் கதையில் பின்னால் அவர் பெரிய ஆளாவார்.

ஃபேம்புஷர்ஸ் போட்ட திட்டம் இது. லண்டனில் யாருக்கும் தெரியாத இந்தக் குழுவை நேராக நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஏற்றுவது. பில் கிரஹாம் நடத்திய அந்த அரங்கம் அன்று ராக் இசைக்குக் கோயில் மாதிரி. பிரிட்டிஷ் பத்திரிகையாளர்களை விமானம் நிறைய ஏற்றிக்கொண்டு போய் அங்கே உட்காரவைப்பது. அவர்கள் திரும்பிவந்து எழுதினால் ஒரே ராத்திரியில் நட்சத்திரம். தேதி 1970 ஏப்ரல் 3, 4. அதே மேடையில் பாடகர் வேன் மாரிசனும் ‘குவிக்சில்வர் மெசஞ்சர் சர்வீஸ்’ குழுவும் இருந்தார்கள். மாரிசனின் ‘மூன்டான்ஸ்’ ஆல்பம் வந்து சில வாரங்களே ஆகியிருந்தன, மனிதர் உச்சத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் போய் வாசிக்க வேண்டும். நிக் லோவுக்கு இருபத்தொரு வயது நிறைந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சறுக்கியது. சில நாள் முன்னதாகவே போய் ஒத்திகை பார்ப்பதாக ஏற்பாடு. அமெரிக்க விசா கிடைக்கவில்லை. கனடாவுக்குப் போய், அங்கே ஒருவழியாக விசா வாங்கி, சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நேரம் முன்புதான் நியூயார்க் வந்து இறங்கினார்கள். சொந்தக் கருவிகள் இல்லை, வாடகைக் கருவிகள். கையே பழகாத கிடாரும் ஆம்ப்ளிஃபயருமாக மேடை ஏறுவது எப்படி இருக்கும் என்று கச்சேரி செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பத்திரிகையாளர்கள் கதை இன்னும் வேடிக்கை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய விமானத்தில் கோளாறு. அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இறக்கிப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. மணிக்கணக்கில் தாமதம், குடி மட்டும் தாராளமாக இலவசம். நியூயார்க்கில் இறங்கியபோது பாதிப் பேர் போதையில், மீதிப் பேர் போதை தெளிந்த தலைவலியில். வரிசையாக லிமோசின் கார்கள் காத்திருந்து அவர்களை அரங்கத்துக்கு அள்ளிக்கொண்டு போயின. ஓசியில் கூட்டிவந்து ஊற்றிக் கொடுத்தால் நல்லபடியாக எழுதுவார்கள் என்று ஃபேம்புஷர்ஸ் கணக்குப் போட்டது. பத்திரிகைக்காரன் மனசு தெரியாதவன் போடும் கணக்கு அது. ‘என்னை விலைக்கு வாங்கப் பார்த்தார்கள்’ என்ற உறுத்தல் ஒருவனுக்கு வந்துவிட்டால், தான் விலைபோகவில்லை என்று காட்டவே அவன் இரண்டு மடங்கு காட்டமாக எழுதுவான்.

மேடையில் என்ன நடந்தது? பெரிய விபத்து எதுவும் இல்லை. பதற்றத்தில் இருந்த ஒரு சுமாரான குழு, சுமாராக வாசித்துவிட்டு இறங்கியது. வேறு எந்த அரங்கமாக இருந்தாலும் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். விமானம் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து காட்டிய சுமார் என்பதுதான் சிக்கல். லண்டன் பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. அதே மாதம் வெளிவந்த முதல் ஆல்பத்தையும் யாரும் சரியாகக் கேட்கவில்லை, கேட்காமலே திட்டினார்கள். அந்த ஆல்பம் ஒன்றும் மோசமில்லை. ‘கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்’ குழுவைக் காதலித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் போட்ட, இன்னும் சொந்தக் குரல் வராத ஆல்பம். முதல் ஆல்பங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஃபேம்புஷர்ஸ் சீக்கிரமே படுத்துவிட்டது. கடன் குழுவின் தலையில் விழுந்தது. ராபின்சன் மட்டும் ஓடவில்லை, மேனேஜராகக் கூடவே நின்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. குழு கலையவில்லை. லண்டனுக்கு வெளியே நார்த்வுட்டில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, எல்லோரும் குடும்பமாக ஒரே கூரையின் கீழ் குடியேறினார்கள். சமையல் பொது, பணம் பொது. நாள் முழுக்க வாசிப்பதுதான் வேலை. அதே 1970இன் பின்பகுதியில் இரண்டாவது ஆல்பம் வந்தது. பெயர் ‘டிஸ்பைட் இட் ஆல்’, ‘இத்தனைக்கும் பிறகு’ என்கிற மாதிரி. முதல் பாட்டே ‘கன்ட்ரி கேர்ள்’. ஃபிடிலும் பெடல் ஸ்டீல் கிடாரும் சேர்ந்து இழைய, ஒரு கிராமத்துப் பெண்ணை நினைத்து ஏங்குகிற பாட்டு. பெடல் ஸ்டீல் பற்றி ஒரு வார்த்தை: மேசை மாதிரி கிடத்தி வைத்து, உலோகக் கட்டையால் தந்தியை வழுக்கியபடி, காலால் மிதியை அழுத்திச் சுருதியை வளைக்கும் கருவி அது. நம் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் உடனே பிடிபடும். கன்ட்ரி பாட்டில் அழுகை வருவது பாதி அதனால்தான். இதை அவர்களுக்காக வாசித்தவர் பி. ஜே. கோல், பிரிட்டனில் அந்தக் கருவியை நன்றாகக் கையாண்ட மிகச் சிலரில் ஒருவர்.

இந்த ஆல்பத்தில் அலட்டல் இல்லை. பத்து நிமிட கிடார் தனியாவர்த்தனம் இல்லை. ஃபில்மோரில் தங்களைப் பெரிதாகக் காட்டப்போய்ப் பட்ட அடியில், பெரிதாகக் காட்டும் எதன் மீதும் அவர்களுக்கு வெறுப்பு வந்துவிட்டது. அந்த மனநிலைக்கு கன்ட்ரி கச்சிதமாகப் பொருந்தியது. மூன்று ஸ்வரக் கோவை, மூன்று நிமிடம், வீடு, காதல், பயணம், அவ்வளவுதான். நாஷ்வில்லை நகல் எடுக்கவில்லை, தொப்பி போடவில்லை, டெக்சஸ்காரன் மாதிரி பேசவும் இல்லை. கென்ட் பையன்கள் கென்ட் பையன்களாகவே கன்ட்ரி பாடினார்கள். இவர்கள் செய்ததிலேயே புதிய காரியம் இதுதான் என்பேன். அதே சமயத்தில் ‘மேத்யூஸ் சதர்ன் கம்ஃபர்ட்’ என்ற இன்னொரு ஆங்கிலக் கன்ட்ரி ராக் குழு ‘உட்ஸ்டாக்’ பாட்டோடு பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. அதன் பாடகர் இயன் மேத்யூஸ் அந்த வெற்றிக்குப் பின் சில மாதங்களிலேயே குழுவை விட்டு விலகினார். பிரிட்டிஷ் கன்ட்ரிக்கு ஏதோ தோஷம் இருந்திருக்கிறது.

1971இல் லண்டனில் ஒரு தற்செயல். ‘எக்ஸ் ஓவர் ஈஸி’ என்ற அமெரிக்கக் குழு ஆல்பம் பதிவு செய்ய வந்து, விஷயம் நடக்காமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டது. கெண்டிஷ் டவுன் பகுதியில் ‘டேலி ஹோ’ என்று ஒரு பப். அங்கே ஜாஸ் மட்டும்தான் நடக்கும். ஆள் வராத திங்கள்கிழமை ராத்திரியை எங்களுக்குக் கொடுங்கள் என்று அந்த அமெரிக்கர்கள் கேட்டு வாங்கினார்கள். கன்ட்ரி, பழைய ராக் அண்ட் ரோல், சொந்தப் பாட்டு என்று யார் எதைக் கேட்டாலும் வாசிப்பார்கள். மேடைக்கும் மேசைக்கும் இரண்டடி தூரம். கொஞ்ச நாளில் பப் நிரம்பி வழிந்தது. ராபின்சனும் லோவும் போய்ப் பார்த்தார்கள், பொறி தட்டியது. அந்த அமெரிக்கர்கள் ஊர் திரும்பியபின், 1972 ஜனவரியில் பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் அதே பப்பில் வாசிக்கத் தொடங்கியது.

அன்றைய சூழலை நினைத்துப் பாருங்கள். ராக் குழுக்கள் லாரி லாரியாகக் கருவிகளை ஏற்றிக்கொண்டு விளையாட்டு அரங்கங்களில் வாசித்துக்கொண்டிருந்த காலம். அதில், விமானமேறிப் போய் அசிங்கப்பட்ட அதே குழு, கையில் பீர் கோப்பையோடு நிற்கிற ஐம்பது நூறு பேருக்கு நடுவே வாசிக்கிறது. டிக்கெட்டே கிடையாது. ராபின்சன் லண்டன் முழுக்க அலைந்து, பின்பக்கம் காலி அறை உள்ள பப்களைக் கண்டுபிடித்து, முதலாளிகளிடம் பேசி, குழுக்களை உள்ளே விட்டார். ‘பீஸ் மேக் ஹனி’, ‘டக்ஸ் டீலக்ஸ்’, ‘சில்லி வில்லி அண்ட் த ரெட் ஹாட் பெப்பர்ஸ்’ என்று ஒரு கூட்டமே கிளம்பியது. பத்திரிகைகள் இதற்கு ‘பப் ராக்’ என்று பெயர் வைத்தன. முன்பு கிழித்த அதே பத்திரிகைகள் இப்போது பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸைப் பாராட்டின. நேர்மையான குழு, பந்தா இல்லாத குழு. எழுச்சி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இந்த 1972ஐத்தான் காட்டுவேன், ஃபில்மோரை அல்ல.

அந்த ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. ‘சில்வர் பிஸ்டல்’ நார்த்வுட் வீட்டிலேயே பதிவானது. இரண்டாவது ஆல்பத்துக்குப் பின் குழுவில் சேர்ந்த இயன் கோமும் இதில் பாட்டு எழுதினார். லோ குருவாக மதித்த ஜிம் ஃபோர்ட் என்ற அமெரிக்கரின் இரண்டு பாட்டுகளும் இதில் உண்டு. அவர்களுடைய ஆல்பங்களில் கன்ட்ரி மணம் அதிகம் வீசுவது இதில்தான். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு நெருக்கம். ‘நெர்வஸ் ஆன் த ரோடு’ கொஞ்சம் துள்ளல். அதில் ஒரு பாட்டின் தலைப்பு ‘ஹேப்பி டூயிங் வாட் வி ஆர் டூயிங்’. செய்வதைச் செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறோம் என்று அர்த்தம்.

அந்தத் தலைப்பில்தான் எனக்குச் சந்தேகம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். இந்தப் பூனைகள் அடுப்பை மட்டும் அல்ல, சமையலறையையே விட்டுவிட்டன. பெரிய அரங்கம், பெரிய சத்தம், விளம்பரம், நட்சத்திர முகம் என்று எதையெல்லாம் ஃபேம்புஷர்ஸ் அவர்கள் மீது திணித்ததோ, அதையெல்லாம் பாவம் என்று ஒதுக்கினார்கள். ஆம்ப்ளிஃபயர் சத்தத்தைக்கூடக் குறைத்தே வைத்தார்கள். பப்பில் வாசிக்கிறவரை அது நாகரிகம். 1973இல் முன்னாள் பீட்டில் பால் மெக்கார்ட்னி தன் ‘விங்ஸ்’ குழுவின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில், தங்களுக்கு முன்னால் மேடையேறி வாசிக்கும் குழுவாக இவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய அரங்குகள், ஆயிரக்கணக்கான புதுக் காதுகள். இதைவிட நல்ல இரண்டாவது வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? அங்கேயும் பப்பில் வாசிக்கிற மாதிரியேதான் வாசித்தார்கள். ரசிகர்கள் கை தட்டினார்கள், மறந்தார்கள். அடக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது.

இவர்களின் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. வேறு வேறு புனைபெயர்களில் சிங்கிள் விட்டுப் பார்த்தார்கள். ‘ஹிட்டர்ஸ்’ என்ற பெயரில் ஜமைக்காவின் ரெகே பாணியில் ஒரு பாட்டு, ‘நீஸ்’ என்ற பெயரில் பீட்டில்ஸின் ‘டே டிரிப்பர்’. ‘நீஸ்’ என்றால் முழங்கால்கள். வேடிக்கைதான், ஆனால் சொந்தப் பெயரில் ஜெயிக்க முடியாது என்று தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரியும் இருக்கிறது. அதே நேரத்தில் கன்ட்ரி சாயலும் கரைந்துகொண்டிருந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் சோல், ரெகே, பழைய பாப் என்று எல்லாம் கலந்தது.

1974இல் கடைசி ஆல்பம். வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில், டேவ் எட்மண்ட்ஸ் தயாரிப்பில் பதிவு செய்தார்கள். இதற்கு முன் அவர்கள் தொட்டுப் பார்க்காத பளபளப்பு இதில் இருந்தது. முதல் பாட்டு, சமாதானம், அன்பு, புரிந்துணர்வு இதிலெல்லாம் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் ‘வாட்ஸ் ஸோ ஃபன்னி பௌட் பீஸ், லவ் அண்ட் அண்டர்ஸ்டாண்டிங்’. ஹிப்பிக் காலம் முடிந்து எல்லோரும் அவர்களைக் கிண்டலடிக்கத் தொடங்கிய நேரத்தில், அந்த ஹிப்பியின் குரலில் பாதி நக்கலாகவும் பாதி நிஜமாகவும் நிக் லோ எழுதியது. கேட்கிற மனநிலையைப் பொறுத்து இரண்டில் ஒன்று மேலே வரும். பாட்டு வந்தது, யாரும் கவனிக்கவில்லை.

அதற்குள் பப்களில் காற்று மாறியிருந்தது. தேம்ஸ் முகத்துவாரத்துக் கேன்வி தீவிலிருந்து ‘டாக்டர் ஃபீல்குட்’ வந்திறங்கியது. கசங்கிய கோட், முறைத்த கண், ரயில் வண்டி மாதிரி கிடார். அதே பப், அதே சின்ன மேடை. அவர்கள் ஏறினால் மட்டும் அந்த இடம் பற்றி எரிந்தது. பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள், ஆனால் அவர்கள் முன்னால் இவர்கள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த மாமாக்களைப் போலத் தெரிந்தார்கள். சிறியதாக இருப்பதற்கும் மிருதுவாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை டாக்டர் ஃபீல்குட் காட்டிக்கொடுத்தது. 1975 மார்ச்சில் பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் கலைந்தது. சண்டை இல்லை, அறிக்கைப் போர் இல்லை. ஆறு ஆல்பங்கள் போட்டும் ஒரு ஹிட் பாட்டு இல்லை.

வீழ்ச்சி இத்தோடு முடிந்தது. ஆனால் கலைந்த பிறகு அந்த ஐந்து பேர் செய்ததைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால்தான் அவர்கள் குழுவாக இருந்தபோது எதையோ அடக்கி வைத்திருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஷ்வார்ட்ஸும் ஆண்ட்ரூஸும் அதே 1975இல் கிரஹாம் பார்க்கரின் ‘ரூமர்’ குழுவில் சேர்ந்து, முன்பு வாசித்ததைவிட இரண்டு மடங்கு வெறியோடு வாசித்தார்கள். ராபின்சன், ஜேக் ரிவியேராவோடு சேர்ந்து 1976இல் ‘ஸ்டிஃப்’ ரெக்கார்ட் கம்பெனி தொடங்கினார். முதலுக்கு டாக்டர் ஃபீல்குட் பாடகர் லீ பிரில்லோ கொடுத்த 400 பவுண்டு கடன். பழைய கோபம் எதுவும் கிடையாது பாருங்கள். அந்தக் கம்பெனியின் முதல் வெளியீடு நிக் லோவின் சிங்கிள். சில வாரம் கழித்து வந்த ‘த டேம்ன்ட்’ குழுவின் ‘நியூ ரோஸ்’, பங்க் என்ற முரட்டு ராக் வகையில் பிரிட்டனின் முதல் சிங்கிள் என்று சொல்லப்படுவது. தயாரிப்பு நிக் லோ. கன்ட்ரி வாசித்து நொந்துபோன ஆள் பங்க்கின் மருத்துவச்சி ஆனார்.

ஒரு சம்பவத்தை விட்டுவிட மனசில்லை. குழு கலைந்தபின் பழைய கம்பெனி லோவை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவில்லை. துரத்திவிடட்டும் என்று வேண்டுமென்றே அசட்டுத்தனமான பாட்டு ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தார். பள்ளிச் சிறுமிகளின் கனவுக் குழுவான ‘பே சிட்டி ரோலர்ஸ்’ மீது ஒரு துதிப் பாட்டு. அது ஜப்பானில் விற்றுத் தொலைத்தது! கம்பெனி இன்னொன்று கேட்டது. ஜெயிக்கக் கூடாது என்று போட்டால்தான் ஜெயிக்கும் போலிருக்கிறது.

அந்த ‘பீஸ், லவ்’ பாட்டுக்கும் மறுஜென்மம் கிடைத்தது. லிவர்பூலில் இவர்கள் வாசிக்க வந்தபோது, பீட்டில்ஸ் வாசித்துப் பேர்போன கேவர்ன் கிளப்புக்கு எதிரே உள்ள பப்பில் லோவிடம் வந்து பேசிய ஒரு தீவிர ரசிகப் பையன் பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ ஆனான். அவருடைய முதல் ஐந்து ஆல்பங்களைத் தயாரித்தது லோதான். 1978இல் அந்தப் பாட்டைக் காஸ்டெல்லோ நக்கலைத் துடைத்துவிட்டு, கோபத்தோடு பாடினார். இன்று உலகம் அறிந்த வடிவம் அதுதான். நானும் முதலில் கேட்டது அதைத்தான். அது காஸ்டெல்லோ எழுதிய பாட்டு என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1992இல் ‘பாடிகார்ட்’ படத்தின் ஆல்பத்தில் கர்ட்டிஸ் ஸ்டைகர்ஸ் பாடிய வடிவம் இடம்பெற்றது. விட்னி ஹூஸ்டனால் அந்த ஆல்பம் உலகெங்கும் 4 கோடிக்கும் மேல் விற்றது. யாரும் வாங்காத ஆல்பத்தில் கிடந்த பாட்டு, பதினெட்டு வருடம் கழித்து எழுதியவருக்கு ராயல்டியாகக் கொட்டியது. 1979இல் லோவுக்குப் பெரிய வெற்றி தந்த ‘குரூயல் டு பி கைண்ட்’ பாட்டும் இந்தக் குழுவில் இருந்தபோது அவரும் இயன் கோமும் சேர்ந்து எழுதியதுதான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 12ஆம் இடம்வரை போன பாட்டு, பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கன்ட்ரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நிக் லோவை வீடு தேடி வந்தது. 1979இல் அவர் கல்யாணம் செய்துகொண்டது கார்லீன் கார்ட்டரை. கார்லீனின் அம்மா ஜூன் கார்ட்டர், அம்மாவின் கணவர் ஜானி கேஷ். கன்ட்ரி இசையின் அரச குடும்பத்தில் மாப்பிள்ளை! ஜானி கேஷ் லண்டன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் தங்குவார். அவருக்கென்றே ஒரு பாட்டு எழுத உட்கார்ந்த லோ, பாதியில் நின்றுவிட்டார். அந்த ‘பீஸ்ட்’ (மிருகம்) பாட்டு என்ன ஆயிற்று என்று கேஷ் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கல்யாணம் முறிந்தது, வருடங்கள் ஓடின, பாட்டு முடிந்தது. ‘த பீஸ்ட் இன் மீ’, 1994இல் கேஷின் ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ ஆல்பத்தில் வந்தது. கிடாரும் அந்தக் கனத்த குரலும் மட்டும். இங்கிலீஷ்காரன் எழுதியது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் முதல் ஆல்பத்தில் தொடங்காதீர்கள். ‘கன்ட்ரி கேர்ள்’ கேளுங்கள், பிடித்தால் ‘சில்வர் பிஸ்டல்’ முழுசாக. ‘பீஸ், லவ்’ பாட்டின் அசல் வடிவத்தை அதற்கப்புறம் கேளுங்கள். காஸ்டெல்லோவைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் சப்பென்று இருக்கும், மூன்றாவது தடவையில் மாறும். அப்புறம், எல்லா இசைத்தட்டிலும் பெயர் அச்சாகியிருந்தும் எதிலும் பெரிதாக முன்னால் வந்து நிற்காத அந்தக் கிடார்காரர் பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ், வெகுகாலம் கிடார் பழுது பார்க்கும் வேலை செய்தார். தன்னந்தனியாக அவர் போட்ட முதல் ஆல்பம் 2016இல் வந்தது. தலைப்பு ‘அன்எக்ஸ்பெக்டட்’, எதிர்பாராதது.